விடை தெரிந்த விளையாட்டு

விடுகதையின் இன்பம் விடை தெரியும் வரையில்தான் என்பர். விடை புலப்படாமல் தவிக்கும்போது உள்ளம் நான்கு திசையும் ஓடுகிறது. விடை வெளிப்பட்டவுடன் ஒரு சிரிப்பு. அதன்பின் அந்த விடுகதையை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. விடை தெரிந்த விடுகதை, பழத்தைத் தின்றபின் எஞ்சிய தோல் போன்றது என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது, கடல் கடந்த நாடொன்றில் முன்னொரு காலத்தில் நடைபெற்ற விளையாட்டு ஒன்று.

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரிலிருந்து, சி.பி.எஸ். என்னும் தொலைக்காட்சி நிறுவனம் 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. அதன் பெயர் 'வாட்ஸ் மை லைன்?' என்பது. 'என் தொழில் யாது?' என்று நாம் அதனைத் தமிழில் வழங்கலாம். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அரை மணி நேரம் நடைபெற்ற இந்நிகழ்ச்சி, 1967ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் வரை, பதினேழு ஆண்டுகளுக்கு மேலாக, 876 முறை ஒளிபரப்பாயிற்று. அது முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதில் அமர்ந்து வினவிய புகழ்மிக்க நால்வரும், நடுவரும் இன்று உலகில் இல்லை. ஆயினும், அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களை வரிசையாக எடுத்து, மீண்டும் மீண்டும் கண்டு மகிழும் ரசிகர்கள் உலகில் பலர் உள்ளனர். நானும் அவர்களுள் ஒருவன்.

விளையாட்டின் முறை மிக எளியது. ஒருவர் உள்ளே வருவார். 'உள்ளே வந்து கையெழுத்திடுக' என்று நடுவர் கேட்டுக்கொள்ள, அவர் கரும்பலகையில் தம் பெயரை எழுதுவார். பின்னர் நடுவரின் அருகில் அமர்வார். அவர் செய்யும் தொழில் யாது என்பது அரங்கில் இருப்போர்க்கும், வீட்டில் காண்போர்க்கும் எழுத்தில் காட்டப்படும். வினவுவோர் குழுவைச் சேர்ந்த நால்வர்க்கு மட்டும் அது தெரியாது. அவர்கள் முறையே வினாக்களை எழுப்பி அத்தொழிலைக் கண்டறிதல் வேண்டும். ஆனால் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ விடை கூறத்தக்க வினாக்களையே கேட்கலாம். 'ஆம்' என்று விடை வந்தால் கேட்டவரே மேலும் தொடரலாம். 'இல்லை' என்று வந்தால் முறை அடுத்தவர்க்குச் செல்லும். வந்தவர்க்கு 5 டாலர் பரிசாகும். பத்து முறை 'இல்லை' எனின் 50 டாலர், ஆட்டமும் முடிந்தது. அக்காலத்திலும் 50 டாலர் பெருஞ்செல்வம் அன்று. எனவே பொருளுக்காக ஆடிய விளையாட்டு இஃது அன்று என்பது தெளிவு.

நடுவராக விளங்கியவர் ஜான் சார்லஸ் டேலி என்பவர். அவர் செய்தியாளர். 1941ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தியை அமெரிக்க மக்களுக்கு வானொலியில் அறிவித்தவர்களுள் முன்நின்றவர் அவரே. போர்ச் செய்தியை உரைத்த அதே குரல், இவ்விளையாட்டில் நகையும் நயமும் கலந்து ஒலித்தது. ஒரு வினாவிற்கு 'ஆம்' என்பதா, 'இல்லை' என்பதா என்ற ஐயம் எழுந்தால், அவர் நீண்டதொரு விளக்கம் தருவார். கேட்டவர் அவ்விளக்கத்தில் வழிதவறி விழிப்பார். அரங்கம் சிரிப்பில் ஆழும். வினவுவோர் குழுவில் நாடக நடிகை ஆர்லீன் பிரான்சிஸ் அம்மையார், செய்தித்தாள் எழுத்தாளர் டோரதி கில்காலன் அம்மையார், 'ராண்டம் ஹவுஸ்' என்னும் நூற்பதிப்பகத்தை நிறுவியவர்களுள் ஒருவரான பென்னட் செர்ஃப் ஆகியோர் நெடுங்காலம் வீற்றிருந்தனர். நான்காம் இருக்கையில் அவ்வப்போது வெவ்வேறு அறிஞரும் நகைச்சுவையாளரும் அமர்ந்தனர்.

இந்நால்வரும் வினவும் திறத்தைக் காண்பதே ஒரு கல்வி எனலாம். உலகில் தொழில்கள் எண்ணற்றவை. அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தால் பத்து 'இல்லை'களும் பத்து நொடியில் தீர்ந்துவிடும். ஆதலின் முதலில் உலகை இரு கூறாகப் பிளப்பர். 'தாங்கள் பொருள் ஒன்றைச் செய்கிறீர்களா, அன்றிப் பணி ஒன்றைச் செய்கிறீர்களா?' என்பதை வெவ்வேறு வகையில் கேட்டு அறிவர். பொருள் எனின், அது வீட்டினுள் உள்ளதா? உயிருள்ளதா? கையில் எடுக்கத்தக்கதா? இவ்வாறு ஒவ்வொரு வினாவும் எஞ்சிய உலகைப் பாதியாகக் குறைக்கும். 1953ஆம் ஆண்டில் ஸ்டீவ் ஆலன் என்பவர், மறைந்துள்ள பொருளின் அளவை அறிய விரும்பி, 'அது ரொட்டிப் பெட்டியைவிடப் பெரியதா?' என்று கேட்டார். எல்லார் வீட்டுச் சமையலறையிலும் அக்காலத்தில் இருந்த பெட்டி அது. அவ்வினா அமெரிக்க மக்களின் பேச்சு வழக்கிலேயே கலந்துவிட்டது. அறியாத ஒன்றை அளப்பதற்கு அறிந்த ஒன்றையே கோலாகக் கொள்ளவேண்டும் என்னும் உண்மை அவ்வெளிய வினாவில் அடங்கியிருக்கிறது அன்றோ?

'இல்லை' என்ற சொல்லின் மதிப்பையும் இவ்விளையாட்டில் கற்கலாம். நாம் ஒன்றைக் கேட்டு 'இல்லை' என்று மறுமொழி வந்தால் மனம் சுருங்குகிறோம். அந்நால்வரோ சுருங்குவதில்லை. 'இல்லை' என்பதும் ஓர் அறிவே என்று கொண்டு, அடுத்தவர் அதன்மேல் தம் வினாவை எழுப்புவார். ஒருவர் இழந்த முறை மற்றவர்க்கு விளக்காகிறது. நால்வரும் ஒருவரை ஒருவர் வெல்ல விரும்பினும், ஒருவர் பிழையால் மற்றவர் தெளிவு பெறுகின்றனர்.

நிகழ்ச்சியின் ஒரு பகுதியில் புதிர் விருந்தினர் ஒருவர் வருவார். அவர் நாடறிந்த ஒருவர் ஆதலின், முகத்தைக் கண்டால் உடனே தெரிந்துவிடும். எனவே வினவுவோர் நால்வரும் துணியால் தம் கண்களைக் கட்டிக்கொள்வர். விருந்தினர் குரலை மாற்றிப் பேசுவார். முதல் நிகழ்ச்சியில் இவ்வாறு வந்தவர் பேஸ்பால் விளையாட்டு வீரர் பில் ரிசூட்டோ என்பவர். குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட்டின் துணைவியாரான எலினோர் ரூசவெல்ட் அம்மையார் 1953இல் வந்தார். கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் 1956இல் வந்தார். 1957இல் ஓவியர் சால்வடார் டாலி வந்தபோது நேர்ந்தது பெருவேடிக்கை. அவரிடம் எதைக் கேட்டாலும் பெரும்பாலும் 'ஆம்' என்றே விடையளித்தார். அவர் ஓவியர் மட்டும் அல்லர். எழுதவும் செய்தார், வேறு பலவும் செய்தார். எல்லாமாக இருப்பவரை ஒன்றாகக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? நடுவர் குறுக்கிட்டுக் குறுக்கிட்டு அந்த 'ஆம்'களைத் திருத்த வேண்டியதாயிற்று.

இப்படங்களை நான் காணத் தொடங்கியது, அடுத்த வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரால். ஞாயிறு மாலைகளில் அவர் தம் கணிப்பொறியில் ஒரு நிகழ்ச்சியைக் காண்பது வழக்கம். ஒருநாள் என்னையும் அழைத்தார். தொழிலின் பெயர் திரையில் தோன்றும் நொடியில் என் கண்களை மூடிக்கொள்ளச் சொன்னார். "நீயும் ஐந்தாவது ஆளாக இருந்து கண்டுபிடி, தம்பி" என்றார். அன்று முதல் வாரந்தோறும் நான் கண்ணை மூடுவதும், அவர் "திறக்கலாம்" என்பதும், நான் உய்த்துணர முயல்வதும் வாடிக்கையாயின.

தொடக்கத்தில் நான் படுதோல்வி அடைந்தேன். காரணம், நான் வினாக்களைக் கேளாமல் முகத்தைப் பார்த்ததே ஆகும். நன்றாக உடுத்து வந்தவரை வழக்கறிஞர் என்றேன். தடித்த கைகளை உடையவரை உழவர் என்றேன். மெல்லிய குரலுடைய பெண்ணை ஆசிரியை என்றேன். ஏறத்தாழ எல்லாம் பிழையாயின. தோற்றத்திற்கும் தொழிலுக்கும் உள்ள முரண்பாட்டின்மேல்தான் அவ்விளையாட்டே கட்டப்பட்டிருந்தது. வினவுவோர் நால்வரும் தோற்றத்தைக் கண்டு மயங்கினர். ஆயினும் வினாவினால் அம்மயக்கத்தைத் திருத்திக்கொண்டனர். நானோ மயங்கிய இடத்திலேயே நின்றுவிட்டேன். "ஆளைப் பார்த்து முடிவு செய்கிறாய், ஆளைக் கேட்டு முடிவு செய்" என்று ஆசிரியர் நகைத்தார்.

ஆண்டுகள் சில சென்றன. கிடைத்த நிகழ்ச்சிகளை எல்லாம் வரிசையாகக் கண்டு முடித்தோம். கடைசி நிகழ்ச்சியில் புதிர் விருந்தினராக வந்தவர் நடுவர் டேலியே ஆவார். பதினேழு ஆண்டுகளாகப் பிறரை உள்ளே அழைத்தவர், அன்று தாமே விருந்தினராகிக் கண்கட்டிய நண்பர்களின் வினாக்களுக்கு விடை கூறினார். அதனைக் கண்டபின், இனி ஞாயிறு மாலைகள் வெறுமையாகும் என்று நான் எண்ணினேன். அடுத்த ஞாயிறு ஆசிரியர் என்னை வழக்கம்போல் அழைத்தார். திரையில் 1950ஆம் ஆண்டின் முதல் நிகழ்ச்சி தொடங்கியது.

"ஐயா, இது நாம் பார்த்தது அல்லவா?" என்றேன்.

"ஆம், பார்த்ததுதான்."

"விடை தெரிந்தபின் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?"

"இதுவரை நீ விடையைப் பார்த்தாய். இனி மனிதரைப் பார்" என்றார் அவர்.

முதல் நிகழ்ச்சியில் முதலாவதாக வந்தவர் ஓர் இளம்பெண். நியூயார்க்கின் செல்வர்கள் கூடும் 'ஸ்டார்க் கிளப்' என்னும் விடுதியில், வருவோரின் தொப்பிகளை வாங்கி வைத்துத் திருப்பித் தருவது அவர் வேலை. முதன்முறை காணும்போது, 'தொப்பி காப்பவர்' என்ற விடையைத் தெரிந்துகொண்டதோடு என் ஆர்வம் அடங்கிவிட்டது. இரண்டாம் முறை வேறொன்று புலனாயிற்று. நாள்தோறும் எத்தனையோ பெரியவர்கள் அவர் கையில் தொப்பியைக் கொடுத்துவிட்டு, முகத்தைக்கூடப் பாராமல் உள்ளே போயிருப்பர். இங்கோ, கற்றறிந்த நால்வர் அவர் முன் அமர்ந்து, அவர் யார், என்ன செய்கிறார் என்று அறிவதற்குத் தம் அறிவனைத்தையும் செலவிடுகின்றனர். அவர் முதலில் எழுதியது தம் தொழிலை அன்று, தம் பெயரை. பெயருக்குப் பின்னரே தொழில் என்பது அவ்விளையாட்டின் முறை. இம்முறையில் எத்துணைப் பெரிய மரியாதை அடங்கியுள்ளது!

இதனைக் கண்டபோது, நான் மறக்க விரும்பிய நிகழ்ச்சி ஒன்று என் நினைவில் மீண்டும் ஓடியது. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். புதிதாகச் சேர்ந்த பள்ளியில் முதல் நாள், ஒவ்வொருவரும் எழுந்து தந்தையின் தொழிலைக் கூறவேண்டும் என்றனர். ஒருவன் தந்தை மருத்துவர். ஒருவன் தந்தை வங்கி அலுவலர். ஒருவன் தந்தை காவல்துறை ஆய்வாளர். என் தந்தை தெருமுனையில் தள்ளுவண்டியை நிறுத்தி, கரி நிரப்பிய இஸ்திரிப் பெட்டியால் துணி தேய்த்துக் கொடுப்பவர். என் முறை வந்தது. 'வியாபாரம்' என்று கூறி அமர்ந்துவிட்டேன். யாரும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நான் தப்பித்ததாக மகிழ்ந்தேன். அன்று நான் அணிந்திருந்த சட்டையை, விடியுமுன் எழுந்து, வாடிக்கையாளர் துணிகளுக்கெல்லாம் முன்னதாக என் தந்தை தேய்த்துத் தந்திருந்தார். அம்மடிப்புக் கலையாமல் அமர்ந்துகொண்டுதான் நான் அவர் தொழிலை மறைத்தேன். அந்த வகுப்பறையை மனத்தில் மீண்டும் கண்டபோதுதான் அந்தச் சட்டை என் கண்ணில் பட்டது. என் தந்தை மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நான் கூறிய விடையை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

மீண்டும் காண்பவர்க்கு, முதலில் கண்டவர்க்கு இல்லாத ஓர் அறிவு உண்டு. பின்னால் நடந்தவற்றை அவர் அறிவார். 1963ஆம் ஆண்டில் வெண்ணிற உடையும் வெண்தாடியும் உடைய முதியவர் ஒருவர் வந்து கையெழுத்திட்டார். அவர் வறுத்த கோழி விற்கும் கடைகளை நடத்துபவர். பெயர் சாண்டர்ஸ். வினவுவோர் அவரை அறியாமல் வினாக்களைத் தொடுத்துக்கொண்டிருந்தனர். இன்றோ அம்முகம் உலகின் பெருநகரங்கள் பலவற்றிலும் கடைப்பலகைகளில் தொங்குகிறது. சிறு குழந்தையும் அதனை அடையாளம் காட்டும். அன்று நாட்டிலேயே பேரறிஞர் என்று பெயர் பெற்றவர்கள் வினவித் தேடிய விடையை, இன்று பள்ளிச் சிறுவன் ஒருவன் நொடியில் காண்கிறான். அறிவு என்று நாம் போற்றுவதில் எத்துணைப் பகுதி காலம் தந்த கொடை என்பதை இஃது உணர்த்துகிறது. பின்னே பிறந்ததனால் வந்த அறிவை நம் திறமை என்று எண்ணிச் செருக்குதல் தகாது.

அவ்வறிவு சிலபோது துயரமும் தரும். நகைச்சுவையாளர் பிரெட் ஆலன் 1954 முதல் இக்குழுவில் இருந்தவர். 1956ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், சனிக்கிழமை இரவு, தெருவில் நடந்துகொண்டிருந்தபோது உயிர் நீத்தார். மறுநாள் நிகழ்ச்சி நிற்கவில்லை. நண்பர்கள் துயரை அடக்கிக்கொண்டு விளையாட்டை நடத்தி, இறுதியில் அவரை நினைவுகூர்ந்தனர். மற்றொன்று இதனினும் உள்ளத்தை உருக்குவது. 1965ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், டோரதி கில்காலன் அம்மையார் வழக்கம்போல் தம் இருக்கையில் அமர்ந்து வினவினார். மறுநாள் அவர் தம் இல்லத்தில் இறந்து கிடந்தார். அவர்க்கு வயது 52.

நிகழ்ச்சி முடியும்போது, வினவுவோர் ஒருவர்க்கொருவர் இரவு வணக்கம் கூறி விடைபெறுதல் அவ்விளையாட்டின் மரபு. நவம்பர் 7ஆம் நாள் காண்போர்க்கு அஃது எல்லா ஞாயிறும் கேட்கும் இரவு வணக்கம்தான். மீண்டும் காணும் நமக்கோ அது கடைசி வணக்கம் என்று தெரியும். தமிழில் 'விடை' என்னும் சொல்லுக்கு மறுமொழி என்றும் பொருள் உண்டு. பிரிந்து செல்வதற்குப் பெறும் இசைவு என்றும் பொருள் உண்டு. விளையாட்டு முழுவதும் முதற்பொருளைத் தேடுகின்றனர். முடிவில் இரண்டாம் பொருளை ஒருவர்க்கொருவர் வழங்குகின்றனர். முதன்முறை பார்த்தபோது, அந்த இரண்டாம் விடையை நான் கவனிக்கவே இல்லை. ஆசிரியரும் நானும் அந்நிகழ்ச்சியை மீண்டும் கண்ட மாலையில், படம் முடிந்தபின் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நான் வீட்டிற்குக் கிளம்பியபோது, அவர் என்றும் இல்லாதவாறு வாயில் வரை வந்து, "போய் வா, தம்பி" என்றார்.

மீண்டும் காணும்போது, திரையில் இருப்பவர்களோடு இல்லாதவர்களும் தெரிகின்றனர். முதல் நிகழ்ச்சியில் வினவுவோர் இருக்கையில் லூயிஸ் அண்டர்மேயர் என்பவர் இருந்தார். அவர் கவிஞர், அமெரிக்கக் கவிதைகளைத் தொகுத்து நாட்டின் மாணவர்க்கு அளித்தவர். அக்காலத்தில் பொதுவுடைமைக் கொள்கையினர் என்று ஐயுறப்பட்டவர்கள் பலர் வேலை இழந்தனர். அண்டர்மேயர் மீதும் அப்பழி விழுந்தது. நிகழ்ச்சிக்குப் பொருளுதவி செய்த வணிகர்க்கு எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. 1951ஆம் ஆண்டில் அவர் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அவ்விடத்திற்குப் பென்னட் செர்ஃப் வந்தார். அதன்பின் அண்டர்மேயர் ஓராண்டுக்கும் மேலாகத் தம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று அவருடைய நண்பரும் நாடகாசிரியருமான ஆர்தர் மில்லர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார்.

செர்ஃப் சிலேடைகளால் சிரிக்க வைப்பவர். அவர்மீது எனக்கு அன்பு மிகுதி. எனினும், இவ்வரலாற்றை அறிந்தபின், அவர் அமர்ந்திருக்கும்போது அவ்விடத்தில் முன்பு இருந்தவரையும் நினையாமல் இருக்க என்னால் இயலவில்லை. தொழிலைக் கண்டறிவதே விளையாட்டாகக் கொண்ட அரங்கில், ஒருவரின் தொழில் பறிபோயிற்று. அதைப் பற்றி வினா எழுப்ப அங்கு இடம் இல்லாமற்போயிற்று. பின்னர், 1961இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவரைக் கவிதைத் துறைக்கு ஆலோசகராக அமர்த்திப் பெருமைப்படுத்தியது. ஆயினும் போன ஆண்டுகள் போனவையே.

பழம்படங்களைக் காண்பவர், 'அக்காலமே பொற்காலம்' என்று கூறிவிடுவது எளிது. ஆடவர் கறுப்பு உடையிலும், பெண்டிர் விருந்துக்குரிய நீண்ட உடையிலும் அமர்ந்து, இன்சொல் பேசிய அழகு உண்மையே. அதே அரங்கில் இளம்பெண் ஒருவர் வந்தால் கூட்டத்தினர் சீழ்க்கை அடித்ததும் உண்மையே. ஆடவர்க்கு உரியதென்று கருதப்பட்ட தொழிலை ஒரு பெண் செய்கிறாள் என்றால், அதுவே நகைப்பிற்கு உரியதாயிற்று. முதன்முறை நானும் அச்சிரிப்பில் கலந்துகொண்டேன். இரண்டாம் முறை அப்பெண்களின் முகத்தைப் பார்த்தேன். சிலர் உடன் சிரித்தனர். சிலர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தனர். அவர்கள் காத்திருந்ததையும் பார்ப்பதே முழுமையாகப் பார்ப்பது ஆகும்.

இவையெல்லாம் நமக்குக் கிடைத்தது ஒரு நற்பேறு. அக்காலத்தில் நிகழ்ச்சிகள் நேரடியாக ஒளிபரப்பப்பட்டன. ஒளிபரப்பியதோடு காற்றில் கரைந்தன. தொலைக்காட்சித் திரையின் முன் படப்பிடிப்புக் கருவியை வைத்து, தோன்றுவதைப் படச்சுருளில் பதிவு செய்யும் முறை ஒன்று இருந்தது. அதனைக் கினெஸ்கோப் என்பர். அவ்வாறு எடுத்த சுருள்களையும் பயன் தீர்ந்தவை என்று நிறுவனத்தார் அழித்துவந்தனர். சுருளில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுத்தலும் உண்டு. இந்நிகழ்ச்சியின் தொடக்க ஆண்டுச் சுருள்களுள் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. 1952ஆம் ஆண்டில், இதனைத் தயாரித்த மார்க் குட்சன், பில் டாட்மன் என்னும் இருவரும் செய்தி அறிந்து, தாமே செலவை ஏற்றுச் சுருள்களைக் காக்க ஏற்பாடு செய்தனர். அதன்பின் வந்தவை பெரும்பாலும் பிழைத்தன. 1990களில் விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கெனத் தோன்றிய தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று அவற்றை நள்ளிரவு வேளைகளில் மீண்டும் ஒளிபரப்பிற்று. உறங்காதிருந்து அவற்றைக் கண்ட ரசிகர்கள் சேர்த்து வைத்தனர். இன்று வேண்டிய நேரத்தில் வேண்டியதைக் காண்கிறோம்.

குட்சனும் டாட்மனும் அன்று பணம் செலுத்தியபோது, எழுபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நாட்டில், வேறொரு மொழி பேசும் இருவர் அமர்ந்து இதனைக் காண்பர் என்று எண்ணியிருப்பரோ? எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் காத்தனர். அண்டர்மேயரின் முகமோ, முன்னரே அழிந்துபோன சுருள்களோடு பெரும்பாலும் மறைந்தது. எஞ்சிய சிலவற்றில் அவர் தோன்றும்போது, ஆசிரியர் படத்தை ஒரு நொடி நிறுத்துவது வழக்கம். ஏன் என்று நான் கேட்டதில்லை.

விடை தெரிந்தபின்னும் ஒரு விளையாட்டை ஏன் காணவேண்டும் என்று அன்று நான் கேட்டேன். இப்போது அதே கேள்வியை என்னிடம் பிறர் கேட்கின்றனர். விடை அறியும் வேட்கையில் நாம் மனிதரைத் தாண்டி ஓடிவிடுகிறோம்; அவ்வேட்கை தணிந்தபின்தான் நின்று அவர் முகத்தைப் பார்க்கிறோம். எழுதிய கை, காத்திருந்த பொறுமை, சொல்லாமல் விடப்பட்ட பெயர் ஆகியவை இரண்டாம் முறை பார்ப்பவர்க்கே தெரிகின்றன. நூல்களுக்கும் இது பொருந்தும். நம் வாழ்வில் நடந்தவற்றிற்கும் பொருந்தும்.

சென்ற ஞாயிறு, கரும்பலகையில் ஒருவர் தம் பெயரை எழுதி முடித்த இடத்தில், ஆசிரியர் வழக்கம்போல் கேட்டார்: "இவர் தொழில் உனக்கு நினைவிருக்கிறதா?" நினைவிருந்தது. ஆனால் அன்று நான் வேறொருவர் தொழிலைக் கூறினேன். "ஐயா, என் தந்தை துணி தேய்ப்பவராக இருந்தார்" என்றேன். பல ஆண்டுப் பழக்கத்தில் அவரிடம் நான் இதைச் சொன்னது அதுவே முதன்முறை. அவர் படத்தை நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார். "அவர் பெயர் என்ன?" என்று கேட்டார்.